படிக்கும் உரிமை யாருக்கு?

மட்டக்களப்பு வாவியிலே முழுநிலா நாளில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரிலும் மறுநுனியைச் செவியிலும் வைத்து, மீன் பாடும் ஓசையைக் கேட்டு மகிழ்ந்த மக்கள் நாம். வடமோடியையும் தென்மோடியையும் அண்ணாவியாரின் வாய்மொழியாய்ச் செவிவழி கற்று, தலைமுறை தலைமுறையாய் ஆடி வந்தவர்களும் நாமே. ஏட்டை அறியாத உழவனும் மீனவனும் இலக்கியச் செல்வத்துக்கு உரியவராய் வாழ்ந்தது செவியின் துணையாலன்றோ? இத்தகைய மண்ணிலே, செவியால் படிக்க வல்ல ஒரு மாணவனுக்கு இன்றைய செய்தி எட்டவில்லை என்றால், அதனினும் வெட்கக்கேடு வேறென்ன உண்டு?

செவியால் படிப்பது கற்பனையன்று. திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கும் திரைவாசிப்பான்கள் இன்று கணினியிலும் கைத்தொலைபேசியிலும் உள்ளன. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், தாமே விழிப்புலனற்றவர், 2006இல் என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருளை ஆக்கத் தொடங்கினார். பணமில்லை என்பதால் எவரும் வாசிப்பை இழக்கலாகாது என்ற கொள்கையோடு அது உலகெங்கும் இலவசமாக வழங்கப்படுகிறது. அது தமிழும் பேசும். ஆகவே, கருவி இல்லை என்று எவரும் கைவிரிக்க முடியாது. குற்றம் கருவியிலன்று, எழுதி வெளியிடுவோரிடமே உள்ளது.

பாமினி எழுத்துருவையே எடுத்துக்கொள்வோம். நம் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் அது பல்லாண்டுகளாக வழங்கி வருகிறது. கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கோ அது ஆங்கில எழுத்துக் குவியல். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கணினியில் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் வரிசையே. திரைவாசிப்பானும் அதையே உளறும். தாயை அழைக்கும் சொல்லையே உளறலாக்கும் முறையில் அறிக்கைகளையும் சுற்றுநிருபங்களையும் இணையத்தில் ஏற்றிவிட்டு, தமிழ் வளர்க்கிறோம் என்று மேடையில் முழங்குவது எவ்வகை நேர்மை? ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றது 1991இல். மூன்று தசாப்தங்களுக்கு மேலாகியும் பழைய பழக்கம் நம்மை விடவில்லை. நாமும் அதை விடவில்லை.

அடுத்த கேடு, எழுத்தைப் படமாக்கி வெளியிடுவது. அறிவித்தலைத் தாளில் அச்சிட்டு, கையொப்பமிட்டு, படம்பிடித்து இணையத்தில் ஏற்றிவிடுகின்றனர். விழியுடையோர் படிக்கின்றனர், விழியற்றோருக்குக் கிடைப்பது 'படம்' என்னும் ஒற்றைச் சொல். 2004 டிசம்பர் 26இல் கடல் நாவலடியை அழித்ததையும், 2011 ஜனவரியில் வெள்ளம் இம்மாவட்டத்தை மூழ்கடித்ததையும் கண்டவர்கள் நாம். உரிய வேளையில் வரும் எச்சரிக்கை உயிருக்கு நிகர் என்பதை நமக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. அந்த எச்சரிக்கை வெறும் படமாக வந்தால், யாரைக் காப்பது, யாரைக் கைவிடுவது என்பதை நாமே முடிவு செய்துவிடுகிறோம்.

"படத்திலுள்ள எழுத்தையும் வாசிக்கும் கருவிகள் வந்துவிட்டனவே" என்பர் சிலர். அவை ஊகிக்கின்றன, ஊகம் சில வேளை பிழைக்கிறது. விண்ணப்ப முடிவுத் திகதியில் ஓர் இலக்கம் பிறழ்ந்தால் இழப்பு யாருக்கு? "செலவு மிகும்" என்பர் வேறு சிலர். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் அமைப்புக் குழுவும் அவ்வாறே வாதாடியது. அதன் இணையத்தளத்தைத் தம்மால் வாசிக்க இயலவில்லை என்று புரூஸ் மகுவயர் என்ற விழிப்புலனற்றவர் முறையிட்டார். அந்நாட்டு மனித உரிமை ஆணைக்குழு குழுவின் வாதத்தை ஏற்கவில்லை. 20,000 டொலர் இழப்பீடு வழங்கப் பணித்தது. ஒரு படத்தின் கீழ் அதன் பொருளை ஒரு வரியில் எழுதுவதற்கு எந்தக் கருவூலத்தைத் திறக்க வேண்டும்?

"அவர்கள் மிகச் சிலரே" என்பதுதான் இறுதி வாதம். அதுவே கொடிய வாதமுமாகும். 1945இல் இலவசக் கல்வி வந்தபோது, ஏழைப் பிள்ளைக்குக் கல்வி எதற்கு என்று கேட்டவர்களும் இந்நாட்டில் இருந்தனர். ஆளைக் கணக்கிட்டு உரிமையை அளக்கும் அதே குரலே இன்று வேறு உடையில் வருகிறது. மாற்றுத்திறனாளர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. அதன் 21ஆம் உறுப்புரை, இணையவழித் தகவல் தருவோர் உள்ளிட்ட ஊடகங்கள் தம் சேவையை இவர்களும் பயன்படுத்தத்தக்கதாய் ஆக்குமாறு அரசு ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. கையெழுத்திட்ட தாள் பெட்டியில் உறங்குகிறது. அதைத் தட்டி எழுப்புவது யார் பொறுப்பு?

நம் பொறுப்பே. முற்போக்கு பேசும் நாமும் சிறுசஞ்சிகைகளைப் படங்களாக ஏற்றியவர்கள்தாம். அந்தக் குற்றத்தை முதலில் ஒப்புக்கொள்வோம். ஆசிரியர்களே, பாடக் குறிப்புகளை ஒருங்குறியில் தாருங்கள். மாணவர்களே, பாமினியில் கிடப்பவற்றை மாற்றிக் கொடுங்கள். அதற்கான மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. செய்தி வெளியிடுவோரே, உங்கள் திரையை ஒருமுறை அணைத்துவிட்டு, உங்கள் பக்கத்தைச் செவியால் படித்துப் பாருங்கள்.

விழியற்றோர் நம்மிடம் இரக்கத்தை வேண்டவில்லை, எழுத்தை வேண்டுகின்றனர். அது அவர்களுக்கு உரியது. உரியவரிடம் உரியதை ஒப்படைப்பது கொடையன்று, கடமை.