ஏரிக்கரை வீடும் ஒரு பொய்யும்

எங்கள் ஏரிக்கரை வீட்டின் இறங்குதுறையில் நின்று எழுதப்பட்ட ஒரு கவிதையைப் பற்றியே இந்தக் கட்டுரை. எழுதியவர் என் நண்பர். நல்ல கவிஞர், அவருடைய பழைய கவிதைகள் சிலவற்றைப் பாராமல் சொல்வேன். அதனாலேயே பெயரை விட்டுவிடுகிறேன். சென்ற கோடையில் ஒரு சனிக்கிழமை ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தார். நான் ஏணியில் நின்று பின்சுவரின் பழைய பெயின்றைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு மணிநேரம் ஏரியைப் பார்த்தபடி இருந்தார். அடுத்த மாதம் ஒரு கூட்டத்தில் கவிதை வாசிக்கப்பட்டது. யாருமற்ற நீர், பெயரற்ற கரை, வரலாறு தீண்டாத மௌனம். அதன் நடுவே நாடிழந்த ஒருவன். கூட்டம் கைதட்டிற்று. நானும் தட்டினேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கைதட்டல் என்னை உறுத்திக்கொண்டேயிருந்தது.

அந்த ஏரியில் யாருமில்லை என்பது பொய். கவிதைக்குப் பொய் சொல்ல உரிமை உண்டு என்று நண்பர்கள் உடனே வருவார்கள். உண்டு, எல்லாப் பொய்க்கும் இல்லை. இந்தப் பொய்யை உலகில் வேறு யார் சொன்னாலும் மன்னிக்கலாம், ஈழத்திலிருந்து ஓடிவந்த நாங்கள் சொல்லக்கூடாது என்பதே என் வாதம்.

முதலில் என்னைப் பற்றி. பெயின்ற் அடிப்பது எனக்குத் தத்துவப் பயிற்சியோ பொழுதுபோக்கோ அல்ல. 1992இல் இங்கு வந்ததிலிருந்து பதினெட்டு வருஷம் அதுதான் சோறு போட்டது. மச்சானும் நானும் சேர்ந்து கவார்த்தா ஏரிகள் ஒன்றின் கரையில் இந்தப் பழைய கொட்டேஜை வாங்கி நாலு வருஷமாகிறது. 1950களில் யாரோ பைன் பலகையால் கட்டத் தொடங்கி, அரைகுறையாக விட்டுப்போனது. மே மாத விக்ரோறியா நாள் விடுமுறை தொடங்கி ஒக்ரோபர் நன்றிநவிலல் நாள் வரை, வெள்ளி இரவு ஸ்காபரோவில் புறப்பட்டு, ஞாயிறு இரவு திரும்புவோம். கூரை ஒழுக்கை அடைத்தோம். உள்ளறைக்கு ஜிப்சம் பலகை அடித்து, மூட்டுகளுக்கு மூன்று தடவை சாந்து பூசித் தேய்த்தோம். இனிப் பூச்சுத்தான் மிச்சம்.

இதைக் கேட்ட விமர்சகர் ஒருவர், முன்னாள் அகதி நடுத்தர வர்க்கத்துக் கனவில் கரைந்துபோனதாக எழுதினார். இன்னொருவர் உடலுழைப்பு என்னைச் சுத்திகரித்துவிட்டதாகப் புகழ்ந்தார். இருவரும் தூரிகை பிடித்தவர்களல்லர். வேலை யாரையும் சுத்திகரிப்பதில்லை. தோள்மூட்டு நோவைத்தான் தரும். ஆனால் ஒன்றைக் கற்றுத்தரும். எந்தப் பரப்பும் வெறும் பரப்பில்லை. என் பின்சுவரில் வெள்ளைக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே மங்கிய மஞ்சள், அதற்கும் கீழே ஒரு சாம்பல். அந்தச் சாம்பலில் ஈயம் இருக்கும் என்று கொள்ளவேண்டும்; வீட்டுப் பெயின்றில் ஈயத்தைக் கனடா சட்டம்போட்டுக் குறைத்தது 1976இல்தான். ஆகவே காய்ந்த சுவரைத் தேய்த்துத் தூசு கிளப்பக்கூடாது. நனைத்து, முகமூடி போட்டு, நிலத்தில் பொலித்தீன் விரித்துச் சுரண்டவேண்டும். பைன் பலகையின் கணுக்கள் இன்னொரு கதை. அவற்றுக்கு மேல் வெறும் வெள்ளை அடித்தால் ஒரு கோடைக்குள் மஞ்சள் வட்டமாகப் பிசின் மேலே வந்துவிடும். இரண்டு பூச்சு, மூன்று பூச்சு, எதுவும் நில்லாது. கணுவை முதலில் கண்டு, அரக்குக் கலந்த அடிப்பூச்சை அதற்கென்று தனியே இடவேண்டும். பெயின்ற்காரன் எவனுக்கும் இது தெரியும். கவிஞனுக்கும் தெரிந்திருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறா?

இனி ஏரி. நண்பர் இரண்டு மணிநேரம் பார்த்த அந்த நீரின் மட்டம் இயற்கையின் மட்டமல்ல. ஒன்ராறியோ ஏரியின் குவின்ரே வளைகுடாவிலிருந்து ஜோர்ஜியன் வளைகுடா வரை 386 கிலோமீற்றர் நீளும் ரென்ற் - செவேண் நீர்வழியின் ஒரு துண்டு அது. பொப்கேஜனில் முதற் பூட்டுவாய்க் கட்டுமானம் 1833இல் தொடங்கிற்று. வழி முழுவதும் திறந்தது 1920இல். மரம் மிதத்தவும் கப்பல் விடவும் அணைகள் கட்டினார்கள். நீர் உயர்ந்தது. கரைகள் மூழ்கின. கரையோடு சேர்ந்து மூழ்கியவற்றில் ஒன்று நெல்.

ஆம், நெல். அனிஷினாபே மக்கள் மனோமின் என்பார்கள். நாங்கள் உண்ணும் நெல்லுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். ஆழமற்ற நீரில், சேற்றில் விழுந்த மணியிலிருந்து ஒவ்வொரு வருஷமும் புதிதாக முளைக்கும். ஜூன் மாதத்தில் இலை நீர்மேல் படுத்துக் கிடக்கும். அந்த வேளையில் மட்டம் சடுதியாக உயர்ந்தால் பயிர் வேரோடு கிளம்பிவிடும். அணை என்ன செய்திருக்கும் என்பதை இதற்கு மேல் விளக்கவேண்டியதில்லை. நீரில் உணவு விளையும் இடம்வரை போங்கள் என்ற வாக்கை நம்பிக் கீழைக் கடலோரத்திலிருந்து மேற்கே நடந்துவந்த கதை அந்த மக்களுடையது. உணவு விளைந்த அந்த நீரைத்தான் நாங்கள் யாருமற்ற நீர் என்கிறோம்.

1923இல் வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் என்று ஒன்று. மிசிசாகா, சிப்பேவா மக்களின் ஏழு சமூகங்கள் கையொப்பமிட்டன. அதன்படி வேட்டை, மீன்பிடி உரிமைகளையும் விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்றே அரசு பல பத்தாண்டுகள் சாதித்தது. 1994இல் உச்ச நீதிமன்றமும் அப்படியே தீர்த்தது. 2018இல்தான் வழக்கு முடிவுக்கு வந்தது: நூற்றுப் பத்துக் கோடி டொலருக்கு மேல் இழப்பீடு, உரிமைகளுக்கு மீள் அங்கீகாரம், அந்த நவம்பரில் மத்திய, மாகாண அரசுகளின் மன்னிப்பு. தொண்ணூற்றைந்து வருஷம்! தங்கள் பாட்டன்மார் மீன்பிடித்த நீரில் மீன்பிடித்ததற்காகப் பேரன்மார் நீதிமன்றம் ஏறிய தொண்ணூற்றைந்து வருஷம். வரலாறு தீண்டாத மௌனமாம்.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும் என்று பாவனை செய்யமாட்டேன். கொட்டேஜ் வாங்கிய இரண்டாம் கோடையில் பக்கத்து வளவுக்காரர் ஒரு காகிதத்தோடு வந்தார். நல்ல மனிதர், எனக்கு நீள ஏணியை இரவல் தந்தவர். கரையோரம் களை மண்டிவிட்டது, படகு விடமுடியவில்லை, காணியின் விலை இறங்குகிறது, அகற்றித்தரும்படி கேட்கிறோம், ஒரு கையெழுத்து என்றார். நான் கையைத் துணியில் துடைத்துவிட்டுப் போட்டேன். அடிப்பூச்சின் சாம்பல் என் பெருவிரல் அடையாளமாகக் காகிதத்தில் பதிந்தது. அதைப் பார்த்து இருவரும் சிரித்தோம்.

செப்ரெம்பரில் முன்யன்னலுக்குப் பூச்சு அடிக்கையில் ஒரு வள்ளம் வந்தது. பின்னால் ஒருவர் கோல் ஊன்ற, முன்னால் இருந்தவர் ஒரு தடியால் கதிரை வள்ளத்துக்குள் வளைத்து, மறுதடியால் மெல்லத் தட்டினார். பாதி வள்ளத்துள் விழுந்தது, பாதி நீரில். நீரில் விழுவது அடுத்த வருஷத்து விதை. அம்மா விறாந்தையில் இருந்தா. கண் பார்வை குறைவு. கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உது நெல்லெல்லோ தம்பி?" என்றா. வறுத்து, மிதித்து, உமி போக்கி, மரப்பட்டைத் தட்டில் புடைத்து எடுப்பார்கள் என்று பின்னர் படித்து அவவுக்குச் சொன்னேன். "சுளகிலை புடைக்கிறது தானே" என்று முடித்துவிட்டா. நான் களை என்று கையெழுத்திட்டதை எண்பத்திரண்டு வயதுக் கண் நெல் என்று கண்டது.

பிஜன் லேக்கில் இதே சண்டை பகிரங்கமாகவே நடந்தது. கேர்வ் லேக் சமூகத்தவர் நெல்லைத் திரும்ப விதைத்தார்கள். கொட்டேஜ்காரர் சிலர் அதை இயந்திரத்தால் அகற்றவேண்டும் என்றார்கள்; 2015 அளவில் பத்திரிகைகளுக்கு வந்தது. அந்த ஏரியின் பெயர் புறா ஏரி. அருகே ஓமீமி என்றொரு சிற்றூர். அதுவும் அவர்கள் மொழியில் புறாதான். வானை மறைத்துப் பறந்த அந்தப் பயணிப் புறா இனத்தின் கடைசிப் பறவை 1914இல் ஒரு மிருகக்காட்சிச்சாலையில் செத்தது. பெயரற்ற கரை என்று எழுதும் கவிஞர், வரும் வழியில் நின்ற ஊர்ப்பலகைகளையாவது வாசித்திருக்கலாம்.

இந்த வெறுமை எங்கள் கண்டுபிடிப்புமல்ல. 1917இல் கனூ ஏரியில் மூழ்கி இறந்த ரொம் தொம்சனும், 1920இல் கூடிய எழுவர் குழுவும் தீட்டிய வடநிலக் காட்சிகளில் பாறை உண்டு, பைன் உண்டு, காற்று உண்டு. மனிதர் அரிதிலும் அரிது. மகத்தான ஓவியங்கள்தாம். ஆனால் அங்கிருந்த மக்களை வெளியே நிறுத்திவிட்டுத்தான் அந்தச் சட்டகம் அடிக்கப்பட்டது. நாங்கள் அதைக் கடன்வாங்கி, நடுவில் எங்கள் சோகத்தை நிறுத்திக்கொள்கிறோம். எங்களிடம் வேறு இலக்கணம் இல்லையா? தொல்காப்பியம் நிலத்தைச் சொல்லும்போது கருப்பொருளையும் சேர்த்துச் சொல்கிறது: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். என்ன உண்கிறார்கள், என்ன தொழில் செய்கிறார்கள், எந்தப் பறை கொட்டுகிறார்கள் என்று கேளாமல் நிலத்தைப் பாடும் வழி அந்த மரபில் இல்லை. திணையைப் பற்றி மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள், கண்முன்னே நெல் நிற்கும் நீரைத் திணையற்றதாக எழுதுகிறார்கள்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். நாங்கள் பறித்தவர்களல்லர், பறிகொடுத்தவர்கள். காசு கொடுத்து வாங்கினோம். எங்கள் துயரமே எங்களுக்குப் போதும். முதலிரண்டும் உண்மை. ஆனால் பறிகொடுத்தவன் இன்னொருவன் பறிகொடுத்த இடத்தில் வந்து குந்தமாட்டான் என்று எந்த விதியும் இல்லை. மூன்றாவதுதான் பாசாங்கு.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கை விட்டு ஓடினோம். எங்கள் வளவு, பங்குக் கிணறு, ஆச்சி நட்ட இலுப்பை எல்லாம் வேலிக்கு அந்தப்புறம். போர் முடிந்தபின் காங்கேசன்துறையில், உயர்பாதுகாப்பு வலயத்துக்குள், கடலைப் பார்த்தபடி இராணுவம் ஒரு விடுமுறை விடுதி நடத்திற்று. தெற்கிலிருந்து குடும்பங்கள் வந்து தங்கின. அப்படி வந்த சிங்களக் கவிஞர் ஒருவர் அதன் விறாந்தையில் நின்று யாருமற்ற கடல், பெயரற்ற கரை, வரலாறு தீண்டாத மௌனம் என்று கவிதை எழுதியிருந்தால் நாங்கள் என்ன செய்திருப்போம்? சிறப்பிதழ் போட்டிருப்போம். என் நண்பர்தான் முதற்கட்டுரை எழுதியிருப்பார்; அது அருமையான கட்டுரையாகவும் இருந்திருக்கும். அந்தக் கட்டுரையை அவர் தன் கவிதைக்கு எதிராக எழுதவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

கொட்டேஜை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்பார்கள். விற்றுவிட்டுப் புனிதனாகும் உத்தேசம் இல்லை. மச்சானும் சம்மதியான். கையெழுத்தை மீளப்பெறுகிறேன் என்று ஒரு கடிதம் அனுப்பினேன். பக்கத்து வளவுக்காரர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஏணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எங்கள் இறங்குதுறைக்கு முன்னால் நெல் நிற்கட்டும் என்று விட்டிருக்கிறோம். படகைத் துடுப்பால் வலித்தே வெளியே கொண்டுபோகவேண்டியிருக்கிறது. மச்சானுக்கு அது பெருங்குறை. இதனால் யாருக்கும் எதுவும் திரும்பக் கிடைத்துவிடவில்லை என்பதும் தெரியும்.

பின்சுவர் இன்னும் முடியவில்லை. வெப்பம் பத்துப் பாகைக்குக் கீழே போனால் இந்தப் பெயின்ற் சரியாகப் பிடிக்காது. இந்த வருஷத்துக்கு இரண்டு வார இறுதிகள்தான் மிச்சம். கணுக்களுக்குத் தனிப்பூச்சு இட்டாயிற்று. நண்பர் வருவதானால் வரட்டும். சுரண்டுகத்தி இன்னொன்று இருக்கிறது. வேலை முடிந்தபின் இறங்குதுறையில் உட்கார்ந்து அவர் எழுதலாம். எழுதுமுன் அந்தப் பயிரின் பெயரை அம்மாவிடம் கேட்டுக்கொள்ளட்டும்.