அந்த வெண்டைக்காய் உங்களுக்கு என்ன பாவம் செய்தது?

மாசத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஆறரை மணிக்கு, கோயமுத்தூரில் ஏதாவது ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் போய்விட்டு வந்திருக்கிறீர்களா? போய்விட்டு வந்த பிறகும் சக மனிதர்கள் மேல் பாசம் மிச்சம் இருக்கிறது என்றால் சொல்லுங்கள், உங்கள் காலில் விழத் தயாராக இருக்கிறேன்.

எனக்கு இல்லை. போன வாரத்தோடு ஸ்டாக் தீர்ந்துவிட்டது.

எங்கள் வீட்டில் மாத மளிகை என் பொறுப்பு. (இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். வேறு எதையும் என்னை நம்பி யாரும் இதுவரை ஒப்படைத்ததில்லை.) அம்மா லிஸ்ட் எழுதிக் கொடுப்பார், நான் பையைத் தூக்கிக்கொண்டு போவேன். ஒரு மணி நேர வேலை. முக்கால் மணி நேரம் அடுத்தவர்களுக்காகக் காத்திருப்பதில் போகும்.

உள்ளே நுழைந்ததும் காய்கறி. அங்கேதான் முதல் கொலை. இஸ்திரி கலையாத நீலச் சட்டையில் ஒரு பெரிய மனிதர் வெண்டைக்காய்க் கூடை முன்னால் நிற்கிறார். ஒன்றை எடுக்கிறார். டக். நுனி உடைந்தால் பிஞ்சு, கவருக்குள். உடையாமல் வளைந்தால் முற்றல், நுனி தொங்கத் தொங்க மறுபடி கூடைக்குள். உடைந்ததிலேயே கொஞ்சம் கோணலாக இருந்தால் அதுவும் கூடைக்குள். டக், டக், டக். அவர் எடுத்தது கால் கிலோ. மூக்கை உடைத்துவிட்டுப் போனது எப்படியும் அரை கிலோ இருக்கும். அடுத்து வருபவர் உடைந்ததைத் தொடுவாரா? மாட்டார். உடைந்த இடம் ராத்திரிக்குள் கறுத்துவிடும், காலையில் குப்பை.

வெண்டைக்காய் பூ பூத்து ஐந்தாறு நாளில் பறித்துவிட வேண்டிய காய். விட்டால் தடித்து, நார் பாய்ந்துவிடும். அதனால் சின்னதாக, கையில் லேசாக அழுத்தினால் மெத்தென்று இருந்தால் பிஞ்சு. அவ்வளவுதான் விஷயம். எலும்பு முறிவு சிகிச்சைப் பிரிவு நடத்தத் தேவையே இல்லை.

பக்கத்தில் சுரைக்காய். அதன் மேல் எத்தனை நகக்குறி என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? வந்தவர் போனவர் எல்லாம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட மாதிரி இருக்கும். அந்தப் பக்கம் திராட்சை. "இனிப்பா இருக்கான்னு பார்க்கறேன்" என்று ஒரு அம்மா பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஒரு கொத்து காலியானது. புளிப்பாம், வாங்கவில்லை.

அப்புறம் எடை போடும் இடம். அங்கே வரிசை என்று ஒன்று கிடையாது. மேஜையைச் சுற்றி மூன்று பக்கமும் ஆட்கள் நின்றுகொண்டு, நடுவில் இருக்கும் பையனின் முகத்துக்கு நேராகக் கவரை நீட்டிக்கொண்டிருப்பார்கள். யார் கை நீளமோ அவர்களுக்கு முதலில் ஸ்டிக்கர். எனக்குக் கை குட்டை. அந்தப் பையன் நிமிர்ந்து பார்ப்பதே இல்லை, அவனுக்கு நாமெல்லாம் வெறும் கைகள்தான் என்று நினைக்கிறேன்.

டிராலிக்காரர்களை விரிவாகத் திட்ட ஆசைதான், ஆனால் அதிலேயே ராத்திரி போய்விடும். சந்தின் குறுக்கே வண்டியை நிறுத்திவிட்டு, போனில் வீட்டுக்காரம்மாவிடம் எந்தத் துவரம்பருப்பு என்று ஸ்பீக்கரில் கேட்பவரை மட்டும் இங்கே நினைவுகூர்ந்துவிட்டு நகர்கிறேன்.

ஆனால் ஒரு ரகத்தை விட முடியாது. எடுத்த பொருள் வேண்டாம் என்று முடிவு செய்ததும், நிற்கிற இடத்திலேயே வைத்துவிட்டுப் போகிறவர்கள். போன வாரம் ரஸ்க் பாக்கெட்டுகளுக்கு நடுவில் ஐஸ்கட்டியாக உறைந்த பட்டாணி பாக்கெட் ஒன்றைப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தது, நிஜமாகவே, தண்ணீர் கீழ்த் தட்டு வரை சொட்டியிருந்தது. மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டியது அது. அதை வைத்தவருக்கும் ஃப்ரீசருக்கும் நடுவில் இருபது அடி தூரம்கூட இருக்காது. இளகிவிட்டதை மறுபடி உள்ளே போட்டு இன்னொருவருக்கு விற்கவும் கூடாது. இருபது அடி நடக்கச் சோம்பல்பட்டதால் ஒரு பாக்கெட் சாப்பாடு போச்சு.

உடனே ஒரு சமாதானம் வரும், எனக்குத் தெரியும். "கூட்டம்னா அப்படித்தான் தம்பி இருக்கும்."

இல்லீங்க. கூட்டம் காரணமே இல்லை. எனக்கு இதில்தான் கோபம்.

ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தைக்குக் காலையில் போய்ப் பாருங்கள். (1999ல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள், பிறகு ஊர் ஊராக வந்தது.) சூப்பர் மார்க்கெட்டைவிடக் கூட்டம். தோள் இடிக்கும், கால் மிதிபடும். ஆனால் அங்கே ஒரு வெண்டைக்காயை உடைத்துப் பாருங்கள் பார்க்கலாம்! "ஏனுங், உடைச்சதெல்லாம் நீங்களே எடுத்துக்கோணும், ஆமா!" என்று ஒரு சத்தம் வரும். நாலு கடை தள்ளி நிற்பவரும் திரும்பிப் பார்ப்பார். விளைவித்தவரே உட்கார்ந்து விற்கிறார், அவருக்கு வலிக்கிறது, கேட்கிறார். நீலச் சட்டைக்காரர் அங்கே போனால் பரம சாதுவாக, பொறுக்கிப் பொறுக்கி, நோகாமல் எடுத்து வைப்பார் என்று நான் எழுதியே தருகிறேன்.

ஏசி போட்ட கடையில் கேட்க ஆளில்லை. ஆள் இருக்கிறார்கள், ஆனால் யூனிஃபார்ம் போட்டிருக்கிறார்கள், வாயைத் திறக்க முடியாது. வாடிக்கையாளரைப் பார்த்து "உடைக்காதீங்க" என்று சொன்னால் மேனேஜரிடம் புகார் போகும். நமக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் உடைக்கிறோம்.

அண்ணாச்சி கடையில் இந்தப் பிரச்சினையே வந்ததில்லை. லிஸ்டை நீட்டினால் அவரே எடுத்து, நிறுத்து, பொட்டலம் கட்டித் தருவார். பொருளுக்கும் நமக்கும் நடுவில் அவர் இருந்தார். உலகம் முழுக்க அப்படித்தான் இருந்தது. 1916ல் அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்று ஒரு கடை திறந்து (பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்), வாங்குபவர்கள் தாங்களே உள்ளே போய் எடுத்துக்கொள்ளலாம் என்றார். 1937ல் ஓக்லஹோமாவில் சில்வன் கோல்ட்மேன் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தபோது அதைத் தொடவே ஜனங்கள் கூச்சப்பட்டார்களாம். ஆள் வைத்துத் தள்ளிக் காட்ட வேண்டியிருந்தது. என்ன ஒரு பொற்காலம்! :-)

விஷயம் என்னவென்றால், யாரும் நடுவில் நிற்க மாட்டார்கள், நீயே தொட்டுப் பார்த்து எடுத்துக்கொள் என்று ஒருவர் நம்மை நம்பிக் கடையைத் திறந்து வைக்கிறார். நாம் அதற்குச் செய்த மரியாதை சுரைக்காய் மேல் இருக்கிறது.

சரி, பில் போடும் வரிசைக்கு வருவோம். எனக்கு முன்னால் மூன்று பேர். பின்னால் ஒரு பாட்டி வந்து தோளைத் தொட்டார். "கண்ணு, ஒரே ஒரு தயிர் பாக்கெட்டு கண்ணு, போட்டுட்டு ஓடிப் போயர்றேன்." பாட்டி ஆச்சே என்று வழி விட்டேன். அவர் முன்னால் போய் நின்றதும் திரும்பிக் கையசைத்தார். மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள், கூம்பாகக் குவிந்த ஒரு டிராலி... ஊர்வலமாக என்னைக் கடந்து போனார்கள். தயிர் பாக்கெட் வெறும் பாஸ்போர்ட்!

பரவாயில்லை, அதற்காவது சிரிக்கலாம். சிரிக்க முடியாதது அதற்கு முன்னால் நடந்தது.

கவுண்டரில் இருந்தவர் நம்ம நீலச் சட்டைதான். பில் பாதியில் நிற்கிறது. ஏன்? மல்லித்தூள் மறந்துவிட்டதாம், வீட்டம்மா எடுக்கப் போயிருக்கிறார். பில் போடும் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தபடி காத்திருந்தார். பின்னால் முணுமுணுப்பு கிளம்பியது. அவருக்குக் கூச்சமாகிவிட்டது போல. அந்தக் கூச்சத்தை எங்கே இறக்கி வைப்பது? அக்கா மேல் இறக்கினார். "உக்காந்துட்டே பில் போட்டா எப்பம்மா லைன் நவுரும்? எந்திரிச்சு நின்னு போடு."

அந்த அக்கா எழுந்துவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. மல்லித்தூள் வரும் வரை நின்றுகொண்டே இருந்தார்.

அந்த ஸ்டூல் கடைக்காரர் பெரிய மனது பண்ணிப் போட்டதில்லை. கடைகளில் வேலை செய்கிறவர்கள் நாள் முழுக்க நின்றே சாகக்கூடாது, உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். கேரளாவில் அதற்கு முன்பே, 2018ல் வந்துவிட்டது. அதற்கும் முன்னால், 2010ல் அங்காடித் தெரு பார்த்துவிட்டுத் தமிழ்நாடே கண்ணீர் விட்டது. ஞாயிற்றுக்கிழமை டிவியில் போட்டால் நீலச் சட்டைக்காரரும் அழுதிருப்பார். முதலாளிகளிடமிருந்து சட்டம் போட்டு வாங்கிய ஸ்டூலை, ஒரு மல்லித்தூள் பாக்கெட்டுக்காக வாடிக்கையாளர் பிடுங்கிவிட்டார். அதற்கு எந்த இன்ஸ்பெக்டர் வந்து கேட்பார்?

நான் என்ன செய்தேன் என்றுதானே கேட்கிறீர்கள்? ஒன்றும் செய்யவில்லை. என் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் முறை வந்தபோது "உக்காருங்கக்கா" என்றேன், அவ்வளவுதான். "இருக்கட்டும் தம்பி, பை வேணுமா?" என்றார். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் அந்த ஆளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய வசனங்கள் எல்லாம் வரிசையாக வந்தன. சாய்பாபா காலனி சிக்னலில் நின்று சத்தமாக ஒன்றிரண்டு பேசியும் பார்த்தேன்.

கோபம் அடங்காமல் வீட்டில் வந்து முழுக்கதையும் அம்மாவிடம் கொட்டினேன். வெண்டைக்காயிலிருந்து ஆரம்பித்து. அம்மா நான் வாங்கி வந்த பையைப் பிரித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே ஒரு வெண்டைக்காயை எடுத்தார்.

டக்.

"அம்மா!"

"என்னடா? நம்ம காயி, நான் உடைப்பேன். நீ உடைக்காம வாங்கிட்டு வந்த லட்சணம் பாரு, பாதி முத்தல். கடையிலயே நாலு ஒடைச்சுப் பார்த்து எடுத்தா என்ன?"

"நீ கடைக்குப் போனா உடைப்பியா?"

"பின்னே? முத்தலைப் பொரியல் பண்ணிப் போட்டா நீ திம்பியா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. முற்றல் வெண்டைக்காயை நான் தின்ன மாட்டேன் என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த உண்மை.

அடுத்த மாசத்து லிஸ்ட் இப்போதே ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறது. முதல் வரி: வெண்டைக்காய் அரை கிலோ. அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டு, பிஞ்சாக.