காஜியாரின் ஐயத்தைத் தீர்த்த கோதுமை மணிகள்

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு கோதுமை மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என 64 கட்டங்களுக்கும் இரட்டித்துத் தருமாறு, அவ்விளையாட்டை அமைத்த ஸிஸ்ஸா என்பார் இந்திய மன்னரிடம் பரிசு கேட்டார் என்பது பழங்கதை. அற்பப் பரிசென்றே மன்னர் எண்ணினார். களஞ்சியம் போதாது எனக் கணக்கர்கள் கூறியபோதுதான் திகைத்தார்.

இக்கதையைத் தமது 'வஃபயாத்துல் அஃயான்' நூலில் எழுதிய இப்னு கல்லிகான் (மறைவு ஹிஜ்ரி 681, கி.பி. 1282) டமாஸ்கஸின் தலைமைக் காஜியாக விளங்கியவர். அப்பேரறிஞருக்கே இக்கணக்கில் ஐயம் இருந்தது. அலெக்ஸாந்திரியாவின் கணக்கர் ஒருவர்தாம் அதைத் தீர்த்து வைத்தார். 16ஆம் கட்டத்தில் 32,768 மணிகள். அது ஒரு சிறு முகத்தலளவை. 40ஆம் கட்டத்தில் ஒரு முழுக் களஞ்சியம். 50ஆம் கட்டத்தில் 1,024 களஞ்சியங்கள்; அதனை ஒரு நகரம் எனக் கொண்டால், 64ஆம் கட்டத்திற்கு 16,384 நகரங்கள் வேண்டும்!

மொத்த மணிகள் எத்தனை? 1,84,46,74,40,73,70,95,51,615. இருபது இலக்கம் கொண்ட இவ்வெண்ணை, காஜியாருக்கு இரு நூற்றாண்டுகளுக்கும் முன்பே மேதை அல்பீரூனி கணித்துவிட்டார். ஒவ்வொரு கட்டமாகக் கூட்டி அவர் அல்லலுறவில்லை. 2ஐ அதனாலேயே பெருக்கினால் 4, 4ஐ அவ்வாறே பெருக்கினால் 16, பின்பு 256, பின்பு 65,536, பின்பு 4,29,49,67,296. இன்னுமொரு முறை பெருக்கினால் 65ஆம் கட்டத்திற்குரிய எண் வந்துவிடும். அதில் ஒன்றைக் கழித்தால் விடை. ஆறே பெருக்கல்கள்!

ஒன்றைக் கழிப்பதேன்? இங்குதான் இவ்வெண்ணின் விந்தை உள்ளது. எந்தக் கட்டத்தை எடுத்தாலும், அதற்கு முந்திய கட்டங்கள் அனைத்தின் கூட்டுத்தொகை அதைவிட ஒன்று குறைவாகவே இருக்கும். முதல் 32 கட்டங்களையும் திரட்டினாலும் 33ஆம் கட்டத்திற்கு ஈடாகாது.

இது பலகையோடு முடியும் வேடிக்கையன்று. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கிய கடன், வட்டி செலுத்தப்படாமல் மாதந்தோறும் முதலோடு சேர்ந்து வந்தால், மூன்றே ஆண்டுகளில் இரட்டித்துவிடும். முப்பது ஆண்டுகளில் பத்து முறை இரட்டிக்கும். ஆயிரம் ரூபாய்க் கடன் பத்து லட்சத்தைக் கடந்துவிடும். தந்தை பட்ட கடன் மகனின் வீட்டை விழுங்குவது இவ்வாறுதான்.

வட்டி சிறிதாயினும் விலக்கப்பட்டதே. எனினும், ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 130ஆம் வசனம் வட்டியைத் தடுக்குமிடத்தில், அது இரட்டித்துப் பெருகுவதையும் எடுத்துக்காட்டுவது சிந்திக்கத்தக்கது. முதற் கட்டங்கள் எப்போதும் அற்பமாகவே தோன்றும். மன்னர் ஏமாந்தது அங்கேதான். நம்மவர் பலர் ஏமாறுவதும் அங்கேதான்.

வாசகர்களே! இன்றிரவு பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, ஆயிரத்தைப் பத்து முறை இரட்டித்துக் காட்டச் சொல்லுங்கள். கடன் பத்திரத்தில் கையொப்பமிடும் வயதை அவர்கள் அடையுமுன் அந்தக் கணக்கை அறிந்திருக்கட்டும்.