பேரவையில் பாதி இடம்: கும்பகோணம் ஆயருக்கு ஒரு திறந்த மடல்

மேதகு ஆண்டகை அவர்களுக்கு,

பெரம்பலூர் மாவட்டம் குன்னம் வட்டத்திலிருந்து இதை எழுதுகிறேன். மானாவாரி மண், பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் என்று பிழைக்கும் பகுதி இது. களையெடுப்பதிலிருந்து வெங்காயம் பிடுங்குவது வரை பெரும்பாலும் பெண்கள் கைதான் காட்டில் வேலை செய்கிறது. கோயிலிலும் நிலைமை வேறில்லை. மறைக்கல்வி எடுப்பவர்கள் பெண்கள். அன்பியக் கூட்டத்தை வீடு வீடாக நடத்துபவர்கள் பெண்கள். பாடல், பூ, பீடத்துணி, துப்புரவு, நோயாளியைப் போய்ப் பார்ப்பது, செத்த வீட்டில் ஜெபமாலை சொல்வது எல்லாமே அவர்கள். ஆனால் திருவிழா வரி எவ்வளவு, கோயில் நிலத்தை யாருக்குக் குத்தகைக்கு விடுவது, பழைய கட்டடத்தை இடிப்பதா பூசுவதா என்று பேச உட்கார்ந்தால், பல ஊர்களில் பாய் முழுக்க வேட்டிதான். ஒன்றிரண்டு பெண்கள் இருந்தாலும் அவர்கள் பேசுவது குறைவு, அவர்களைக் கேட்பது அதைவிடக் குறைவு. நான் சொல்ல வருவது இதுதான்: கணவனும் மனைவியும் சமம் என்று பீடத்திலிருந்து எத்தனை முறை சொன்னாலும், பங்கில் முடிவெடுக்கும் இருக்கை ஆண்களிடமே இருக்கும்வரை அந்தப் போதனை வீட்டு வாசலைத் தாண்டாது. அந்த இருக்கைகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்க ரோமாபுரியின் அனுமதி தேவையில்லை. தங்கள் கையெழுத்து ஒன்றே போதும்.

இது வெறும் ஆசையில் எழுதியதல்ல. சட்டமே அப்படித்தான் இருக்கிறது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 208-ஆம் விதி, திருமுழுக்குப் பெற்ற அனைவரும் மாண்பிலும் செயலிலும் உண்மையாகவே சமம் என்கிறது. 1135-ஆம் விதி, மணவாழ்வில் கணவன் மனைவி இருவருக்கும் கடமையும் உரிமையும் சமம் என்கிறது. பங்குப் பேரவையைப் பற்றிய 536-ஆம் விதியும் நிதிக்குழுவைப் பற்றிய 537-ஆம் விதியும் இன்னொன்றைச் சொல்கின்றன: இவை எப்படி அமைய வேண்டும் என்பதற்கான நெறிமுறையை வகுப்பவர் மறைமாவட்ட ஆயர். பேரவை ஆலோசனை சொல்லும் அமைப்புதானே, அதில் யார் இருந்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். ஆலோசனை மட்டும்தான் என்பது உண்மை. ஆனால் கிராமத்துப் பங்கில் ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை பங்குத்தந்தை மாறிப் போவார். ஊர்க்காரர்கள் அங்கேயே இருப்பார்கள். புதிதாக வரும் சாமிக்கு ஊரைச் சொல்லிக் கொடுப்பது பேரவைதான். எந்தக் குடும்பம் எப்படி, எந்தச் சண்டை எதனால், எந்தப் பெண் வாய்த்துடுக்கானவள் என்று அவர் காதில் முதலில் விழுவது அங்கே பேசப்படுவதுதான். சட்டத்தின் பார்வையில் அது ஆலோசனை, ஊரின் பார்வையில் அதிகாரம்.

மேலிடம் இந்தப் பக்கம் நகரத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ், அதுவரை ஆண்களுக்கு மட்டுமே என்றிருந்த வாசகர், பீடப் பணியாளர் ஆகிய பணிநிலைகளைப் பெண்களுக்கும் திறந்துவிட்டார். அதே ஆண்டு மே மாதம் வேதியர் பணியை இருபாலருக்குமான தனிப் பணிநிலையாக நிறுவினார். 2023 அக்டோபரில் ஆயர் மாமன்றத்தில் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள். 2025 ஜனவரியில் துறவியருக்கான பேராயத்தின் தலைவராக அருட்சகோதரி சிமோனா பிரம்பில்லா நியமிக்கப்பட்டார். வேதியர் பணி நம் வட்டாரத்துக்குப் புதிதும் அல்ல. அரியலூர்ப் பக்கம் ஏலாக்குறிச்சியில் இருந்து பணியாற்றிய வீரமாமுனிவர் அந்தக் காலத்திலேயே உபதேசியார்களுக்காக ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். குருவானவர் எப்போதாவது குதிரையில் வந்து போன நாளில், இந்தக் கிராமங்களில் விசுவாசத்தைக் காப்பாற்றியவர்கள் உபதேசியார்கள்தான். அவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இன்று அந்த வேலையைச் செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; வேலை கைமாறிவிட்டது, உபதேசியார் என்ற பெயருக்கிருந்த மதிப்பு மட்டும் கூடவே வரவில்லை. (அந்த முனிவர் ‘தேம்பாவணி’ எழுதியபோது பாட்டுடைத் தலைவனாகத் தேர்ந்தெடுத்தது அரசனையோ வீரனையோ அல்ல, மரியாளின் கணவர் சூசையப்பரை. நம் ஆண்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.)

முதல் ஆட்சேபம் எனக்குத் தெரிந்ததே: இயேசு பன்னிரண்டு ஆண்களைத்தான் தேர்ந்தார்; 1994-இல் இரண்டாம் யோவான் பவுல் பெண்களுக்குக் குருத்துவம் இல்லை என்று முடித்துவிட்டார்; அப்புறம் என்ன பேச்சு? தென்னிந்தியத் திருச்சபை வேறு வழியில் போய், 2013-இல் நந்தியால் பேராயராக புஷ்பலலிதாவைத் திருநிலைப்படுத்தியது. அதனால் அந்தத் திருச்சபை இடிந்து விழுந்துவிடவில்லை. ஆனால் இந்த மடல் குருத்துவத்தைக் கேட்கவில்லை. உண்டியல் எண்ணுவதற்கும், குத்தகைக் கணக்கைச் சரிபார்ப்பதற்கும், திருவிழாச் செலவுக்கு ரசீது கேட்பதற்கும் திருநிலைப்பாடு தேவையில்லை. இன்று அதைச் செய்யும் ஆண்களுக்கும் அது கிடையாது. குருத்துவத்துக்குச் சொல்லப்படும் காரணத்தைக் கணக்குப் புத்தகம் வரை நீட்டிக்கொண்டு போவது இறையியல் அல்ல, வழக்கம். இன்னொன்றும் உண்டு. நம் இலத்தீன் மரபில் திருமணம் என்ற அருட்சாதனத்தை வழங்குவது குருவானவர் அல்ல, மணமக்களே ஒருவருக்கொருவர் வழங்கிக்கொள்கிறார்கள். அவர் சாட்சியாக நிற்கிறார். இருவரும் சொல்லும் சம்மத வார்த்தைகளும் ஒன்றே. கீழ்ப்படிவேன் என்று மணமகள் தனியாகச் சொல்வதில்லை. பீடத்தின் முன்னால் ஓர் அருட்சாதனத்தின் திருப்பணியாளராக நின்ற அதே பெண்ணுக்கு, பீடத்துக்குப் பின்னாலிருக்கும் அறையில் நடக்கும் கூட்டத்தில் உட்காரத் தகுதியில்லாமல் போனது எப்படி?

இரண்டாவது ஆட்சேபம் எபேசியர் மடலிலிருந்து வரும். கணவனே தலை, மனைவி பணிந்திருக்க வேண்டும் என்ற பகுதியைத் திருமண மறையுரைகளில் நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். அதற்கு முந்தைய வசனத்தில் பவுலடியார் எல்லோரையும் ஒருவருக்கொருவர் பணியச் சொல்வதும், பின்னால் வரும் வசனங்களில் மனைவிக்காக உயிரையே கொடுக்கும் அளவுக்கு அன்பு செய்யச் சொல்லிக் கணவனுக்கு நீண்ட அறிவுரை தருவதும் ஏனோ மறையுரையில் சுருங்கிவிடுகின்றன. இது என் சொந்த வியாக்கியானம் அல்ல. பெண்களின் மாண்பைப் பற்றி 1988-இல் எழுதிய திருத்தூது மடலில் இரண்டாம் யோவான் பவுலே இந்தப் பணிதல் ஒருதலையானது அல்ல, இருவருக்கும் பொதுவானது என்று விளக்கியிருக்கிறார். குருத்துவத்துக்கு அவரைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் குடும்பத்துக்கும் அவரையே அழைக்க வேண்டாமா? அதே பவுல் உரோமையருக்கு எழுதியபோது கெங்கிரேயாத் திருச்சபையின் பெபேயாளைத் திருத்தொண்டர் என்று சொல்லி அறிமுகப்படுத்துகிறார். பிரிஸ்காவைக் கணவர் அக்கிலாவுக்கு முன்னால் பெயர் சொல்லி வாழ்த்துகிறார்.

வீட்டுக்கும் பேரவைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனைப் பற்றி ஒரு பெண் புகார் சொல்ல வேண்டும் என்றால் எங்கே போவாள்? காவல் நிலையத்துக்கு முன்னால் கோயிலுக்குத்தான். அங்கே விசாரிக்க உட்காருபவர்களில் ஒருவர் கணவனுக்குப் பங்காளி, இன்னொருவர் மாமன் முறை, மூன்றாமவர் அவனோடு சேர்ந்து குடிப்பவர். “பொறுத்துப் போம்மா, பிள்ளைகளை நினைச்சுப் பாரு” என்பதைத் தவிர வேறு தீர்ப்பு வராது. உடலுக்கோ மனத்துக்கோ பெரும் ஆபத்து விளைவிக்கும் துணையை விட்டுப் பிரிந்து வாழ 1153-ஆம் விதி இடம் கொடுக்கிறது என்பதை அவளிடம் சொல்ல அந்தப் பாயில் ஆளில்லை. பிரிவது பாவம் என்றே நினைத்து அவள் திரும்பிப் போகிறாள். திருவிழா வரியை எடுத்துக்கொள்ளுங்கள். பல ஊர்களில் அது தலைக்கட்டு வைத்து வசூலாகிறது. கல்யாணமான ஆணே ஒரு தலைக்கட்டு. விதவையின் வீடு சில இடங்களில் அரைத் தலைக்கட்டு, சில இடங்களில் கணக்கிலேயே இல்லை. வரியில் சலுகை என்று பார்த்தால் இரக்கம்தான். ஆனால் அரைவரி கட்டியவளுக்குக் கூட்டத்தில் பேச அரைவாய்கூட இல்லை. அம்மா கணக்கில் வராதவள் என்பதைக் கோயில் நோட்டைப் பார்த்து ஒரு மகன் கற்றுக்கொண்ட பிறகு, மறைக்கல்வி வகுப்பில் சமத்துவம் சொல்லிக் கொடுத்து என்ன பயன்?

சொத்து விஷயத்திலும் இதே கதைதான். நம் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு தருகிறது. திருவிதாங்கூர்க் கிறிஸ்தவப் பெண்கள் அந்தச் சம பங்குக்காக 1986-இல் மேரி ராய் வழக்கின் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முன்பு திருவிதாங்கூரில் இருந்த பகுதிகள் தவிர்த்த தமிழ்நாட்டில் நமக்கு அந்தச் சிக்கலும் இருந்ததில்லை. இருந்தும் நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று என்று சொல்லி மகள்களிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது வழக்கமாகவே இருக்கிறது. சட்டம் கொடுத்ததை வீடு பிடுங்கிக்கொள்கிறது, கோயில் பேசாமல் இருக்கிறது. சட்டத்திலும் ஓட்டை இல்லாமல் இல்லை. பிள்ளைகுட்டி இல்லாமல் ஒருவர் இறந்தால், மனைவிக்குரிய பங்கு போக மீதி முழுவதும், தகப்பன் உயிரோடு இருந்தால் தகப்பனுக்கே. பெற்ற தாய்க்கு ஒன்றும் கிடையாது. இதைத் திருத்தச் சொல்லி 2014-இல் சட்ட ஆணையம் தன் 247-ஆம் அறிக்கையைக் கொடுத்தது. மாதாவை இவ்வளவு கொண்டாடும் ஒரு சமூகத்தின் ஆயர்கள் இதைக் கையிலெடுத்துப் பேசினால் அரசு காது கொடுத்துக் கேட்கும்.

ஊர் இதற்கெல்லாம் தயாராகவில்லை என்பது அடுத்த வாதம். 2019 டிசம்பரில் எங்கள் வேப்பூர் ஒன்றியம் உட்பட இங்கே நடந்த ஊராட்சித் தேர்தலில் சட்டப்படியே பாதி இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. நாத்திகரும் பங்கெடுக்கும் அரசு செய்ததை, கடவுளின் சாயலில் ஆணையும் பெண்ணையும் படைத்தார் என்று நம்பும் திருச்சபையால் செய்ய முடியாதா? “அங்கே தலைவர் நாற்காலியில் உட்காருவது புருஷன்தானே” என்று சிரிப்பார்கள். சில இடங்களில் அது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அதற்காக யாரும் இடஒதுக்கீட்டைத் திரும்பப் பெறவில்லை. பங்கில் அந்தக் கோளாறைத் தடுப்பது இன்னும் சுலபம்: ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் பேரவையில் இருக்கக் கூடாது, உறுப்பினர் வராத கூட்டத்துக்கு வேறொருவர் பதிலாக வரக் கூடாது என்று நெறிமுறையில் எழுதிவிட்டால் முடிந்தது. பெண்களே வர மறுக்கிறார்கள் என்பது இன்னொரு சாக்கு. கூட்டத்தை இரவு எட்டு மணிக்கு வைத்துவிட்டு அடுப்படியில் நிற்பவளைக் குறை சொல்லக் கூடாது. ஞாயிறு திருப்பலி முடிந்தவுடன் வைத்துப் பாருங்கள். மகளிர் குழுவில் வாரா வாரம் கடன் கணக்கும் வட்டிக் கணக்கும் பார்க்கிறவர்களுக்கு நிதிக்குழு ஒன்றும் மலை இல்லை.

கடைசி ஆட்சேபம்தான் உண்மையிலேயே கனமானது. அதை எழுப்புபவர்களும் என் மதிப்புக்குரியவர்கள். பாதி இடம் பெண்களுக்கு என்றால், இப்போது உட்கார்ந்திருக்கும் சாதிக்காரர்களின் மனைவிமாரும் மருமகள்களும் வந்து உட்காருவார்கள், தலித் மக்கள் வெளியிலேயே நிற்பார்கள் என்கிறார்கள். தங்கள் மறைமாவட்டத்தின் கோட்டப்பாளையத்தில், புனித மகதலா மரியாளின் பெயரால் எழுந்த ஆலயத்தில், திருவிழாவிலும் நிர்வாகத்திலும் கல்லறையிலும் எங்களை ஒதுக்குகிறார்கள் என்று தலித் கிறிஸ்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த மனுமீது நோட்டீஸ் அனுப்பியது. வழக்கு நீதிமன்றத்துக்கு உரியது, அதன் முடிவை நான் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டு திருத்தூதர்களுக்கே செய்தி சொன்னவள் பெயரிலான கோயிலைப் பற்றி இப்படியொரு புகார் வந்திருப்பதை எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. அதனால் என் கோரிக்கையைத் திருத்தியே வைக்கிறேன். பாதி இடம் பெண்களுக்கு என்பதோடு, அந்தப் பெண்களும் ஆண்களும் பங்கின் எல்லாத் தெருக்களிலிருந்தும் குடும்ப எண்ணிக்கைக்கு ஏற்ப வர வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். ஆண் பெண் சமத்துவத்தை மட்டும் எழுதிவிட்டு மற்றதை விட்டால், தெருவில் இருக்கும் சுவர் அப்படியே நிற்கும், வாசலில் நிற்கும் ஆள்தான் மாறியிருப்பார்.

தாங்கள் அனுப்பும் சுற்றறிக்கையில் இவை இருக்கட்டும்: பேரவையிலும் நிதிக்குழுவிலும் மேற்சொன்ன பாதி; குடும்பப் புகாரை விசாரிக்கும் இடத்தில் கட்டாயமாக ஒரு பெண்ணாவது, கணவனுக்கு உறவினர் யாரும் இல்லாமல்; ஓலை வாசிக்கும் முன் நடக்கும் திருமணத் தயாரிப்பு வகுப்பில் 1135-ஆம் விதிக்கும் மகளின் சொத்துரிமைக்கும் ஒரு மணி நேரம், முடிந்தால் ஒரு பெண் வழக்கறிஞர் வந்து நடத்தும்படி; ஆண்டுக் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் கோயில் அறிவிப்புப் பலகையில். இப்போதுள்ள பேரவைகளின் காலம் முடியட்டும் என்று தாங்கள் நினைத்தால் அதிலும் தவறில்லை. அப்படியானால் எந்த ஆண்டு, எந்த மாதம் என்பதைச் சுற்றறிக்கையிலேயே குறித்துவிடுங்கள். தேதி போடாத வாக்குறுதிகளைக் கோயில் கட்டடக் கமிட்டிகளிடம் நாங்கள் போதுமான அளவு கேட்டாகிவிட்டது.


குன்னம் வட்டத்துப் பங்கு உறுப்பினர் ஒருவர்