ஆர்மீனிய ஆலயத்தில் அச்சுக்கலைக்கு ஓர் இடம்

சென்னை பாரிமுனை ஆர்மீனியன் தெருவில் 1772இல் கட்டிய புனித மரியாள் ஆலயத்தில் இன்று வாராந்தர வழிபாடு இல்லை. அதைக் கட்டிய வணிகர்களின் வழிவந்தவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். கொல்கத்தாவிலுள்ள ஆர்மீனிய ஆலயக் குழு பொறுப்போடு பராமரிக்கிறது. பார்க்க வருகிறவர்கள் மணிக்கூண்டைப் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அந்த இடத்தின் வரலாற்றுக்கு இது போதாது. அங்கே ஓர் அச்சுக்கலை அருங்காட்சியகம் அமைய வேண்டும்.

ஆலயம் எழுந்த காலத்தையொட்டித்தான் ஷாஹாமிர் ஷாஹாமிரியன் என்ற வணிகர் சென்னையில் ஆர்மீனிய அச்சுக்கூடம் தொடங்கினார். மன்னராட்சி இல்லாத ஆர்மீனியாவுக்கான அரசியல் சட்ட வரைவே அங்கு அச்சானது. 1794இல் பாதிரியார் ஹருத்யூன் ஷ்மாவோனியன் ‘அஸ்தரார்’ இதழைக் கொண்டுவந்தார். உலகின் முதல் ஆர்மீனிய இதழ் பிறந்தது நம் சென்னையில்! அந்த ஆசிரியரின் கல்லறை இந்த வளாகத்திலேயே இருக்கிறது. தமிழ் அச்சின் கதையும் தூரத்தில் இல்லை: 1761இல் புதுச்சேரியில் கைப்பற்றிய அச்சு இயந்திரம் வேப்பேரியில் மிஷனரி பப்ரீசியஸ் பொறுப்பில் ஓடியது.

சென்னைப் புறநகரான நம் குமணன்சாவடிக்கு இதில் என்ன அக்கறை? அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆஃப்செட் அச்சகங்கள் ஓடுகின்றன. அச்சுக்கோத்துப் பழகிய முதியவர்கள் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் ஈய எழுத்துகளும் டிரெடில் மெஷின்களும் எடைக்குப் போய்விட்டன. மிஞ்சியவற்றையாவது காக்க வேண்டும்.

ஆலயத்தை வேறு பணிக்குத் தரலாமா என்று சிலர் மனம் வருந்தலாம். அது நியாயமான வருத்தம். ஆனால் இதற்கு முன்னுதாரணம் உண்டு. கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் ஏவுதளத்துக்காக விக்ரம் சாராபாய் கேட்டபோது, ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைரா மக்களிடம் எடுத்துச் சொல்லி மகதலேனா மரியாள் ஆலயத்தைக் கொடுத்தார். 1963 நவம்பர் 21இல் முதல் ராக்கெட் புறப்பட்டது. இடிபடாத அந்த ஆலயம் இப்போது விண்வெளி அருங்காட்சியகம். ஏவுதளத்துக்காக மீனவக் குடும்பங்கள் வீடிழந்து இடம்பெயர்ந்தன என்பதையும் மறக்கக் கூடாது. ஆர்மீனியன் தெருவில் யாரும் எதையும் இழக்க வேண்டியதில்லை. பீடமும் கல்லறைகளும் அப்படியே இருக்கட்டும். வளாகத்தில் ஒரு மூலை போதும்.

தமிழக அரசு கொல்கத்தா குழுவிடம் பேச்சைத் தொடங்க வேண்டும். அவர்கள் சம்மதமின்றி ஒரு செங்கல்லையும் தொடக் கூடாது. பழைய டிரெடிலும் எழுத்துப் பெட்டியும் வைத்திருக்கும் அச்சக உரிமையாளர்களே, அவற்றைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்.