கணவனுக்கு மூன்று வாரம், மனைவிக்குக் கதவடைப்பு

நியூ ஜெர்சி எடிசனில் ஒரு தமிழ்க் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவரின் எச்-1பி வேலை விசா நீட்டிப்புக்கு அவருடைய கம்பெனி ‘பிரீமியம்’ கட்டணம் கட்டுகிறது. மூன்று வாரத்தில் பதில் வந்துவிடுகிறது. துணைவருக்கான எச்-4 விசாவில் இருக்கும் மனைவியின் இஏடி, அதாவது வேலை அனுமதி அட்டை, மாதக்கணக்கில் ‘பரிசீலனையில்’ கிடக்கிறது. அட்டையில் அச்சிட்ட தேதி தாண்டினால் அவர் லேப்டாப்பை ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டும். அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. கோப்பைத் திறந்து பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான்.

இதற்குப் பொறுப்பு அமெரிக்கக் குடியேற்றச் சேவைத் துறையான யுஎஸ்சிஐஎஸ். 2001இல் 1,000 டாலருக்கு விரைவை விற்கத் தொடங்கிய இத்துறை, 2024 பிப்ரவரியில் எச்-1பிக்கான விலையை 2,805 டாலராக்கியது. அதே ஆண்டு ஏப்ரலிலேயே ‘15 நாள்’ என்ற கெடுவை ‘15 வேலை நாள்’ என்று திருத்திக்கொண்டது. விலையையும் ஏற்றிப் படியையும் குறைக்கும் கடைக்காரரை நம்மூரில் சும்மா விடுவார்களா? கூடுதல் ஆவணம் கேட்டு ஒரு கடிதம் போட்டாலே கெடு காப்பாற்றப்பட்டதாகக் கணக்கு என்பது தனிக்கதை.

கட்டண தரிசனம் நமக்குப் புதிதல்ல. ஆனால் எந்தக் கோயிலிலும் கணவனுக்குச் சீட்டைக் கிழித்துவிட்டு, மனைவிக்கு மட்டும் சீட்டே கிடையாது என்பதில்லை. படிப்பு முடித்த மாணவர்களின் வேலை அனுமதிக்கு 2023இல் பிரீமியம் வழி திறந்த துறை, எச்-4 துணைவர்களுக்குத் திறக்கவில்லை.

முடியாது என்றும் சொல்ல வழியில்லை. வழக்கு ஒன்றில் 2023 ஜனவரியில் ஏற்பட்ட சமரசப்படி, சேர்த்துக் கொடுத்த கணவன், மனைவி விண்ணப்பங்களை இத்துறை ஒன்றாகவே முடித்துக் கொடுத்தது. இரண்டாண்டுக் கெடு 2025 ஜனவரியில் முடிந்ததும் அந்தக் கடமையும் போயிற்று. அதே ஆண்டு அக்டோபர் 30 முதல், புதுப்பிக்க விண்ணப்பித்தவர்களுக்கு இருந்த 540 நாள் தானியங்கி நீட்டிப்பும் ரத்து. காலாவதிக்கு 180 நாளுக்கு முன் விண்ணப்பிக்கவும் முடியாது. முன்னாலும் சுவர், பின்னாலும் சுவர்.

முறையான சோதனைக்காகவே இந்த ரத்து என்கிறார்கள். சோதனை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. காசு கட்டியவரைச் சோதிக்க மூன்று வாரம் போதும் என்றால், அவர் மனைவியைச் சோதிக்க ஏன் இத்தனை மாதம்? கட்டணமில்லாத அவசரக் கோரிக்கை இருக்கிறதே என்பார்கள். வேலை அனுமதி தேவை என்பது மட்டுமே அதற்குக் காரணமாகாது என்று துறையின் விதியே சொல்கிறது. மறுத்தால் மேல்முறையீடும் இல்லை.

எச்-4 இஏடி பெறுவோரில் மிகப் பெரும்பாலோர் இந்தியப் பெண்கள். கிரீன் கார்டு வரிசையில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் குடும்பங்கள் இவை. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் இரண்டு சம்பளத்தை நம்பி ஓடுகின்றன. சட்டப்படி வந்து, வரி கட்டி, கேட்ட படிவமெல்லாம் நிரப்பியவர்களை இப்படி நடத்துவதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

பிரீமியம் பணத்தை விண்ணப்பத் தேக்கம் குறையவும் செலவிடலாம் என்று 2020ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. அந்தப் பணத்தில் முதலில் இந்தக் கோப்புகளை முடியுங்கள். கணவன், மனைவி விண்ணப்பங்களைச் சேர்த்து முடிக்கும் முறையை விதியாகவே ஆக்குங்கள். அதுவரை தானியங்கி நீட்டிப்பைத் திருப்பிக் கொடுங்கள். இந்திய வெளியுறவு அமைச்சகம், எச்-1பி பற்றி வாஷிங்டனில் பேசும்போதெல்லாம் எச்-4 அட்டையையும் மேசையில் வைக்க வேண்டும்.