மலையுச்சியும் குளத்து அலைகரையும்

"மனிசருக்கே காணியில்லை, குருவிக்கு என்ன வந்தது?" பறவைகளைப் பற்றி வாய் திறந்தால் வன்னியில் எழும் முதற் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. 2009க்குப் பின் மீளக்குடியமர்ந்த பலர், தாம் முன்னர் பயிரிட்ட காணிகளுக்குள் திணைக்களங்களின் எல்லைக்கற்களைக் கண்டனர். 1938இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட சுண்டிக்குளம் 2015இல் தேசிய பூங்காவாயிற்று. பறவையைக் காப்பதென்றால் காணி பறிபோகும் என்ற அச்சம் இப்படித்தான் வேரூன்றியது. அந்த அச்சத்தை மதித்துக்கொண்டே சிலவற்றைக் கூற விரும்புகிறோம்.

எமது கிராமங்களில் 1977, 1983 வன்செயல்களின்பின் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல உண்டு. அவர்களுடைய முன்னோர் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் வெட்டிய காடுகள், மலைப் பறவைகளின் வீடாக இருந்தவை. வெட்டச் சொன்னவன் வேறு, வெட்டியவன் வேறு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி, 5000 அடிக்கு மேலுள்ள காட்டை வெட்டலாகாது எனக் குடியேற்ற அரசு தடுத்தது. ஹோட்டன் சமவெளி எஞ்சியதற்கு அதுவும் ஒரு காரணம்.

மலையில் ஏறஏற ஒவ்வொரு 100 மீற்றருக்கும் வெப்பம் ஏறத்தாழ அரைப் பாகைக்குச் சற்று மேலாகக் குறைகிறது. மரம் மாறுகிறது, பூச்சி மாறுகிறது, பறவையும் மாறுகிறது. மஞ்சட்காதுக் கொண்டைக்குருவி வீட்டுத் தோட்டத்துக்கும் வரும். நீலத் தோளுடைய சீழ்க்கைப் பூங்குருவியோ அடர்காட்டின் நீரோடையை விட்டு வெளியே வராது. கீழே காடு அழிந்தாலோ வெப்பம் கூடினாலோ அது மேலேதான் போகவேண்டும். மேலே போகப்போக மலை ஒடுங்குகிறது. பீதுருதாலகாலையே 2524 மீற்றரில் முடிந்துவிடுகிறது. மனிதர் எறியும் உணவை நம்பி வாழும் காகத்துக்கு அந்தத் தொல்லையில்லை. அது நுவரெலியாவரை ஏறிவிட்டது.

வன்னியில் மலையில்லை. ஆனால் இங்கும் உயரம் பேசுகிறது, அடிக்கணக்கில்! குளத்து அலைகரையைப் பாருங்கள். உள்ளான் ஈரச்சேற்றில் அலகைப் புதைக்கும். கொக்கும் நாரையும் முழங்காலளவு நீரில் நிற்கும். நீர்க்காகம் ஆழத்தில் முக்குளிக்கும். ஆட்காட்டி மேட்டு வெறுந்தரையில் முட்டையிடும். நீர் ஓரடி வற்றினால் இந்த வரிசை முழுவதும் இடம்பெயரும். அப்படி இடம்பெயர அலைகரை திறந்திருக்கவேண்டும்.

அதைத்தான் இன்று உழவு இயந்திரம் உழுகிறது. வற்றிய குளத்துள் இறங்கி விதைக்கிறார்கள், நஞ்சடிக்கிறார்கள், கரையோரத்து மருதையும் சாய்க்கிறார்கள். உழுத மண் மாரி மழையோடு குளத்துக்குள் இறங்கிக் குளம் மேடாகிறது. பறவைக்கு மேய்ச்சல் போகிறது. கீழே வயல் செய்பவருக்குச் சிறுபோகத் தண்ணீர் போகிறது. இரண்டும் ஒரே இழப்பு என்றே நாம் கருதுகிறோம்.

அலைகரையில் உழுபவர் எல்லோரும் ஒருவரல்லர். ஒரு துண்டுக் காணியுமில்லாமல் கால் ஏக்கரில் கச்சான் போடுபவரையும், வயலும் வாகனமும் வைத்துக்கொண்டு ஏக்கர் கணக்கில் வளைப்பவரையும் ஒரே தராசில் வைத்தல் அநீதி. முன்னவருக்கு மாற்றுக்காணி கொடுத்தபின்பே எழும்பச் சொல்லவேண்டும். பின்னவர் எழும்ப எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. இவ்வேறுபாட்டைக் கொழும்பிலிருந்து வரும் வரைபடம் அறியாது, கிராமம் அறியும்.

ஆகவே எல்லையைக் கிராமமே முதலில் குறிக்கட்டும். சிறு குளங்களுக்குக் கமக்காரர் அமைப்புகள் உள்ளன. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அவற்றுக்கு இடமளிக்கிறது. அடுத்த காலபோகக் கூட்டத்தில் விதைப்புத் திகதியோடு இன்னொன்றையும் தீர்மானிக்கலாம்: குளம் நிரம்பி வான் பாயும்போது நீர் எட்டும் கோடு எது, அதற்குள் கலப்பை இறங்குவதில்லை என்று. வான் பாயும் நாளில் நான்கு பேர் சென்று தடி நட்டால் போதும். அந்தத் தீர்மானத்தின் பிரதியொன்று கமநல சேவை நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் இருக்கட்டும்.